தறிச் சத்தத்தில் கேட்காத மூச்சு

ஒரு நாள் முழுக்க மார்பில் மாட்டியிருந்த ஹோல்டரின் பதிவு கம்ப்யூட்டரில் ஏறியதும் நான் முதலில் திறப்பது, இருபத்து நான்கு மணி நேரத் துடிப்பையும் ஒரே கோடாகக் காட்டும் பக்கத்தை. அதிலும் பகலை விட்டுவிட்டு ஆள் தூங்கிய நேரத்துக்குப் போய்விடுவேன். பகலில் துடிப்பு ஏறவும் இறங்கவும் ஆயிரம் காரணம் உண்டு. மலைக்குப் படியேறியிருப்பார், பஸ் பிடிக்க வெயிலில் ஓடியிருப்பார், பங்காளியோடு வாய்த்தகராறு ஆகியிருக்கும். தூக்கத்தில் இதெல்லாம் கிடையாது. இதயம் மெல்ல இறங்கி நிதானத்துக்கு வந்து நிற்கவேண்டும். மூச்சை இழுக்கும்போது சற்று வேகம், விடும்போது சற்றுத் தணிவு என்ற அந்தச் சின்ன அசைவு மட்டும் இருக்கவேண்டும். சிலருக்கு அந்த இடத்தில் வரிசையாக ரம்பப் பல் நிற்கும். ஐம்பதுக்கு இறங்கும், தொண்ணூறுக்குத் தாவும், மறுபடி ஐம்பது, மறுபடி தொண்ணூறு. ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு பல், மணிக்கணக்காக.

திருத்தணியில் ஈ.சி.ஜி., டிரெட்மில், ஹோல்டர் என்று இந்தக் கருவிகளோடுதான் என் பிழைப்பு. நான் டாக்டர் இல்லை, டெக்னீசியன். கருவியைப் பொருத்துவேன், மறுநாள் கழற்றுவேன், பதிவைச் சுத்தம் செய்து டாக்டர் மேஜையில் வைப்பேன். என்ன வியாதி, என்ன மருந்து என்பது அவர் முடிவு. ஆனால் ஓர் இதயம் ராத்திரி முழுக்க என்ன செய்தது என்று துடிப்பு துடிப்பாகப் பார்க்கும் வேலை எனக்குத்தான் வாய்த்திருக்கிறது. பார்த்துப் பார்த்து ஒரு விஷயத்தில் எனக்குத் தீர்மானம் ஏற்பட்டுவிட்டது. ஐம்பது வயது ஆள் மறதி, கவனக்குறைவு என்று வந்தால் "வயசாகுதுல்ல" என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது. தூங்கும்போது அவருக்கு மூச்சு ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்கவேண்டும். பக்கத்தில் படுப்பவரிடம் கேட்கவேண்டும்.

ஹோல்டர் என்பது ஓர் ஆளின் பெயர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் 1947-இல் முதுகில் சுமந்து காட்டிய கருவியின் எடை ஏறக்குறைய 38 கிலோ. இன்று அது சட்டைப் பையில் அடங்கும். கருவி சிறுத்துவிட்டாலும் அதை ஒட்டுகிற வேலை சிறுக்கவில்லை. மார்பில் முடியை மழித்து, ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, காய்ந்ததும் சொரசொரப்பான பட்டையால் லேசாக ஒரு தேய்ப்பு. அதன் பிறகுதான் பேட் ஒட்டலாம். கோடையில் தமிழ்நாட்டின் வெயில் பட்டியலில் திருத்தணி பேர் அடிக்கடி வருவதைப் படித்திருப்பீர்கள். நாற்பது டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில் காலையில் ஒட்டிய பேட் மாலைக்குள் வியர்வையில் நழுவிவிடும். தறி ஓட்டுபவர்களுக்குக் கூடுதல் சிக்கல். நாள் முழுக்க கை அசைந்துகொண்டே இருப்பதால் மார்புத் தசையின் துடிப்பும் பதிவில் கலந்துவிடும். அதனால் தசைமேல் ஒட்டாமல் எலும்புமேல் தேடி ஒட்டுவேன். ஒயரை ஒரு வளையம் விட்டு பிளாஸ்டரால் பிடித்துவிட்டால், இழுபட்டாலும் பேட் பெயராது.

அதன் பிறகு டைரி. எப்போது சாப்பிட்டார், எப்போது மாத்திரை போட்டார், எப்போது படுத்தார், எப்போது எழுந்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்வோம். பலர் வெறும் தாளைத்தான் திருப்பித் தருவார்கள். இந்த ஊரில் அந்தத் தாள் இல்லாமல் ஒன்றும் ஆகாது. திருத்தணியைச் சுற்றி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வரைக்கும் பவர்லூம் ஓடுகிறது. ராத்திரி ஷிப்ட் ஓட்டுபவருக்குப் பகல்தான் ராத்திரி. டைரியைப் பார்க்காமல் "இரவு பதினொன்று முதல் ஐந்து வரை" என்று எடுத்தால் அவர் தறியடியில் நின்ற நேரத்தைத் தூக்கம் என்று படித்துவிடுவோம்.

ஒரு நாள் பதிவில் லட்சம் துடிப்பு இருக்கும். மென்பொருள் தானாகவே ஒவ்வொன்றுக்கும் அடையாளம் போட்டுவிடும்: இது சாதாரணத் துடிப்பு, இது இடையில் முந்திக்கொண்டு வந்தது, இது ஒயர் ஆடிய சத்தம். அதை அப்படியே நம்பி அச்சடித்துக் கொடுக்கும் இடங்களும் உண்டு. நான் உட்கார்ந்து திருத்துவேன். இதயத் துடிப்பு மாறுபாடு என்று சொல்கிறோமே, ஹெச்.ஆர்.வி., அது இரண்டு சாதாரணத் துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்ற கணக்கு. மில்லி செகண்டில் அளக்கிறார்கள். ஒரே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தால் முன்னால் இடைவெளி சுருங்கும், பின்னால் நீளும். அதை நீக்காமல் விட்டால் மாறுபாடு பெரிதாகத் தெரியும். அழுக்குப் பதிவிலிருந்து அழகான எண் வந்துவிடும்.

இந்த எண்ணுக்கு ஏன் இத்தனை மரியாதை? 1987-இல் மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. நாள் முழுவதற்குமான மாறுபாடு 50 மில்லி செகண்டுக்குக் கீழே இருந்தவர்கள், 100-க்கு மேல் இருந்தவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல் இறப்பு ஆபத்தில் இருந்தார்கள். அசைவில்லாமல் ஒரே தாளத்தில் அடிக்கும் இதயம் நல்ல இதயம் இல்லை என்பது அதற்குப் பிறகு மருத்துவர்கள் மனசில் நன்றாகவே பதிந்தது. எதை எப்படி அளப்பது என்று 1996-இல் ஐரோப்பிய இதயவியல் கழகமும் வட அமெரிக்கக் கழகம் ஒன்றும் சேர்ந்து விதி வகுத்தன. இன்றும் எங்கள் மென்பொருள்கள் அந்த வரையறைகளைத்தான் பின்பற்றுகின்றன.

ரம்பப் பல்லைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் டாக்டர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தியான் கியெமினோவும் அவருடைய குழுவினரும் 1984-இல் 'லான்செட்' இதழில் எழுதிய ஒரு கட்டுரையைப் பற்றிச் சொன்னார். தூக்கத்தில் மூச்சு நிற்பவர்களைச் சாதாரண ஹோல்டர் பதிவிலேயே அடையாளம் காணலாம் என்பதுதான் அதன் சாரம். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. நெஞ்சும் வயிறும் காற்றை இழுக்கப் போராடுகின்றன, காற்று உள்ளே போகவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. அந்த நேரத்தில் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. ஒரு கட்டத்தில் மூளை பதறி ஆளைப் பாதி எழுப்புகிறது. ஒரு கொர்ர் சத்தத்தோடு தொண்டை திறக்கிறது, காற்று பாய்கிறது, அட்ரினலின் ஏறுகிறது, துடிப்பு தாவுகிறது, ரத்த அழுத்தமும் கூடவே எகிறுகிறது. ஆளுக்கு இதில் எதுவும் நினைவிருக்காது. திரும்பப் படுத்தால் மறுபடி தொண்டை மூடும்.

பத்து செகண்டாவது மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மூச்சு ஓட்டம் குறைந்து ஆக்சிஜன் இறங்குவதையும் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை என்று எண்ணுகிறார்கள். ஐந்துக்கு மேல் இருந்தால் நோய், பதினைந்துக்கு மேல் நடுத்தரம், முப்பதுக்கு மேல் கடுமை. மும்பை இந்துஜா மருத்துவமனையிலிருந்து டாக்டர் ஜரீர் உத்வாடியா குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 35 முதல் 65 வயதுள்ள ஆண்களில் 19.5 சதவீதம் பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. பகலில் தூக்கம் அமுக்கும் அளவுக்கு முற்றியவர்கள் 7.5 சதவீதம். அதற்குக் குண்டாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. நம்மவர்களுக்குத் தாடை சிறியது, உடம்பு ஒல்லியாக இருந்தாலும் தொண்டை குறுகலாக இருக்கும்.

ஒரு நெசவாளரைப் பற்றிச் சொல்கிறேன். ஐம்பது தாண்டவில்லை. ராத்திரி படபடப்பு என்று வந்தார். ஹோல்டர் மாட்டும்போது பேச்சுக் கொடுத்தது அவர் வீட்டம்மாதான்.

"படபடப்பை விடுங்க சார். இவருக்கு இழை அறுந்தது தெரியமாட்டேங்குது. முதலாளி கூலியில பிடிக்கிறாரு."

தறி பார்த்தவர்களுக்கு இதன் கனம் புரியும். பாவில் ஆயிரக்கணக்கான இழை. ஓடும்போது ஒன்று அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, விழுதுக்கண்ணிலும் அச்சிலும் கோத்துவிட்டுத்தான் ஓட்டவேண்டும். எங்கள் பக்கத்துச் சாதாரணத் தறிகளில் இழை அறுந்தால் தானாக நிற்கும் வசதி கிடையாது. கண்தான் காவல். பார்க்காமல் விட்டால் துணியின் நீளத்துக்கும் ஒரு கோடு விழும். நாலு தறியைச் சுற்றி வந்தபடி ஓரக்கண்ணால் அறுந்த இழையைப் பிடிக்கிறவர் இவர். பத்து வயதிலிருந்து தறிக்கூடத்தில் வளர்ந்தவர். அவருக்கு அறுந்த இழை கண்ணில் படவில்லை என்றால் கண்ணில் கோளாறு இல்லை. கவனம் நழுவுகிறது.

"குறட்டை விடுவாராம்மா?" என்றேன்.

"தெரியலியே சார். பக்கத்து வீட்டுலயும் தறி ஓடுதில்ல? என்னா சத்தம் கேக்கும்?"

அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் முதல் கேள்வி குறட்டை பற்றித்தான். டொரன்டோவில் மயக்க மருந்து நிபுணர் ஃபிரான்சிஸ் சுங் 2008-இல் உருவாக்கிய ஸ்டாப்-பேங் கேள்வித்தாளிலும் முதல் கேள்வி அதுதான். தறித் தெருவில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. தறியின் அடி குறட்டையை விழுங்கிவிடுகிறது. அதனால் கேட்டதை விட்டுவிட்டுப் பார்த்ததைக் கேட்டேன். தூக்கத்துல நெஞ்சு எழும்பி எழும்பி மூச்சு வராம தவிக்கிறாரா, திடீர்னு உதறி எழுந்திருக்கிறாரா?

"அய்யோ, ஆமாம் சார். கனவு காண்றாருன்னு நெனச்சேன். சில நாளு எழுப்பிவிட்டுடுவேன்."

ஹோல்டரில் அவர் படுத்த நேரம் முழுக்க ரம்பப் பல். டாக்டர் தூக்கப் பரிசோதனை எழுதினார். வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் கருவியை நான்தான் கொண்டுபோய் மாட்டினேன். மூக்கில் ஒரு குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப். மணிக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு தடைப்பட்டிருந்தது. ஆக்சிஜன் எழுபதுகளுக்கு இறங்கி இறங்கி ஏறியது.

படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த மனிதர் எந்தப் பேரையும் மறக்கவில்லை, வழி தவறவில்லை. மூச்சுத் தடை மூளையில் முதலில் அரிப்பது பெரும்பாலும் ஞாபகத்தை இல்லை. ஒரே வேலையில் விழிப்பாக நிற்கும் திறன், இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கும் திறன், இவைதான் முதலில் போகின்றன. வீட்டில் அதை மறதி என்றும், வேலையிடத்தில் பொறுப்பில்லை என்றும் சொல்கிறார்கள். ஆளும் தன்னையே நொந்துகொள்கிறார்.

இப்போது கைக்கடிகாரமே ஹெச்.ஆர்.வி. காட்டுகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அப்பாவுக்கு ஒன்று வாங்கிக் கட்டிவிட்டிருந்தார். ஓய்வுபெற்ற அந்த ஆசிரியர் எங்களிடம் வந்தது வேறு எதற்கோ. மகன் போனைக் காட்டினார். "பாருங்க அண்ணா, அப்பாவுக்கு என்னைவிட ஹெச்.ஆர்.வி. ஜாஸ்தி. ஹார்ட்டு ஸ்ட்ராங்கா இருக்கு." ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாறுபாடு அதிகம் என்றால் நல்லது என்ற விதி, அமைதியாக மூச்சு விட்டுத் தூங்குகிறவருக்குப் பொருந்தும். மூச்சு நின்று நின்று வருகிறவரின் இதயம் ஐம்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவே அல்லாடுகிறது. அந்த அல்லாட்டத்தையும் கணக்கு மாறுபாடு என்றுதான் எடுத்துக்கொள்ளும். மொத்த எண் பெரிதாகிவிடும். அலையைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்: மூச்சின் தாளத்தில் வரவேண்டிய வேகமான சின்ன அசைவு, வேகஸ் நரம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லும் அசைவு, மெலிந்து கிடக்கும். நிமிஷத்துக்கு ஒருமுறை வரும் மெதுவான பெரிய அசைவு கொழுத்துக் கிடக்கும். அதனால் ஒற்றை எண்ணைப் பார்த்து நான் ஒன்றும் சொல்வதில்லை. கோட்டைப் பார்க்காமல் எண்ணைப் படிக்காதே என்று என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லிவிடுவேன்.

மறுபக்கமும் உண்டு. பத்துப் பதினைந்து வருஷச் சர்க்கரைக்காரருக்கு இதயத்துக்குப் போகும் நரம்புகளே கெட்டிருக்கலாம். ராத்திரி முழுக்க மூச்சு நின்றாலும் அவருக்குப் பல் முளைக்காது, கோடு தட்டையாகப் போகும். மெட்டோபுரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரைகளும் தாவலை அமுக்கிவிடும். பேஸ்மேக்கர் வைத்தவர், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர் என்றால் இந்தப் படிப்பே செல்லாது. பல் இருந்தால் சந்தேகப்படலாம், பல் இல்லை என்று நிம்மதிப்பட முடியாது. ஜெர்மனியின் மார்பர்க் நகரத்தில் பதிவான 70 ஈ.சி.ஜி.க்களை வைத்து 2000-ஆம் ஆண்டில் உலக அளவில் ஒரு போட்டி நடந்தது. மூச்சுத் தடை உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று ஈ.சி.ஜி.யை மட்டும் பார்த்துச் சில குழுக்கள் பிழையில்லாமல் பிரித்துக் காட்டின. அது தேர்ந்தெடுத்த பதிவுகளில் நடந்தது. எங்கள் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிறவர்கள்.

இதயத்தின் அசைவுக்கும் மூளையின் கூர்மைக்கும் என்ன தொடர்பு? நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிதான் கவனத்தையும் திட்டமிடுதலையும் பார்த்துக்கொள்கிறது. அதே பகுதி வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துக்குக் கடிவாளமும் பிடிக்கிறது என்று ஜூலியன் தேயரும் ரிச்சர்டு லேனும் 2000-ஆம் ஆண்டில் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். கடிவாளம் தளர்ந்தால் இரண்டிலும் தெரியும் என்பது அதன் கருத்து. இதயத்தின் அசைவு மெலிவதுதான் மறதியை உண்டாக்குகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. மூச்சுத் தடை இரண்டையும் ஒருசேரக் கெடுக்கிறது என்பதற்குத்தான் ஆதாரங்கள் சேர்கின்றன. 2011-இல் 'ஜாமா' இதழில் கிறிஸ்டீன் யாஃபே குழுவினர் எழுதியது அவற்றில் முக்கியமானது. சராசரி வயது 82, ஞாபகக் கோளாறு இல்லாத 298 பெண்களை ஐந்து வருஷம் போலத் தொடர்ந்து பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தவர்களில் 44.8 சதவீதம் பேருக்கு அறிவுத்திறன் சரிந்தது. இல்லாதவர்களில் 31.1 சதவீதம். தூக்கம் எத்தனை முறை கலைந்தது என்பதைவிட ஆக்சிஜன் குறைந்ததுதான் அந்தச் சரிவோடு ஒட்டி வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 2008-இல் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, ஞாபகத்துக்கு உதவும் மேமில்லரி என்ற சின்னஞ்சிறு பகுதி இந்த நோயாளிகளுக்குக் கிட்டத்தட்ட 20 சதவீதம் சிறுத்திருந்தது.

பெண்கள் என்றதும் ஓர் அம்மா நினைவுக்கு வருகிறார். டிசம்பர் 31 ராத்திரி இங்கே திருப்படித் திருவிழா. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம். மலையின் 365 படிகளிலும் பூஜை செய்து திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். இந்த அம்மா ஒரு பஜனைக் குழுவில் பல வருஷமாகப் பாடுகிறவர். திருப்புகழ் சந்தம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஓர் அசை பிசகினால் தாளமே விலகிவிடும். அவருக்கு நடுவில் அடி விட்டுப்போகத் தொடங்கியது. குழுவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரே பின்வரிசைக்குப் போய் நின்றுகொண்டார். குறட்டை இல்லை. காலையில் தலைவலி, ராத்திரி நாலு தடவை முழிப்பு, வாய் வறட்சி. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு மூச்சுத் தடை பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வருகிறது. தூக்கமில்லை என்று சொன்னதால் அதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் தூக்க மாத்திரை.

டாக்டர் அவருக்கு, ஞாபகத்தையும் கவனத்தையும் அளக்கும் மான்ட்ரியல் சோதனையின் தமிழ் வடிவத்தை வைத்துப் பார்த்தார். முப்பது மார்க் சோதனை, 2005-இல் வந்தது. கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொல்வார்கள், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். பன்னிரண்டு வருஷப் படிப்போ அதற்குக் குறைவோ இருந்தால் ஒரு மார்க் கூட்டிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு தறிக்கு வந்தவருக்கு அந்த ஒரு மார்க் எந்த மூலைக்கு? இந்தத் தெருக்களில் அறுந்த இழையும் விட்டுப்போன பாட்டடியும்தான் நேர்மையான சோதனை என்பது என் எண்ணம். அம்மாவுக்குத் தைராய்டும் பி12-உம் பார்த்தார்கள். பி12 குறைவு. தூக்கப் பரிசோதனையில் மூச்சுத் தடையும் நடுத்தர அளவில் இருந்தது. இரண்டுக்கும் வைத்தியம் நடந்தது. எதனால் தேறினார் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அடுத்த திருவிழாவில் முன்வரிசையில் நின்று பாடினார். நானும் கேட்டேன்.

வைத்தியம் என்றால் சி-பேப். சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் ஐந்து நோயாளிகளுக்கு முதன்முதலாக வைத்துக் காட்டியது. காற்றை அழுத்தத்தோடு மூக்கு வழியே செலுத்தி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கும் கருவி. விலை பல்லாயிரம் ரூபாய். நெசவாளர் குடும்பத்துக்கு அது சில மாதக் கூலி. வாங்கியபின் வரும் தொல்லைகள் புத்தகத்தில் இருக்காது. தறி ஓடும் லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கும், கருவி நடு ராத்திரியில் நின்று மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் லைனில் போடச் சொல்வேன். முகத்தில் எண்ணெய் இருந்தால் மாஸ்க் வழுக்கும், படுக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். அடர்ந்த மீசை இருந்தால் காற்று கசியும். மே மாதப் புழுக்கத்தில் ஃபேன் மட்டும் உள்ள ஓட்டு வீட்டில் முகத்தில் மாஸ்க்கோடு படுப்பது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். பலர் முதல் மாதத்திலேயே அட்டைப்பெட்டியில் வைத்து அட்டத்தில் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களைத் திட்டக் கூடாது. மாஸ்க்கின் அளவை மாற்றிப் பார்க்கவேண்டும், அழுத்தத்தைக் குறைத்துத் தொடங்கவேண்டும், பகலில் டி.வி. பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகச் சொல்லவேண்டும்.

நெசவாளருக்கு மாஸ்க் பழகியபின் மறுபடி ஒரு ஹோல்டர் வைத்தோம். படுத்த நேரத்தில் ரம்பப் பல் போய்விட்டது. மொத்த மாறுபாட்டு எண் முன்னைவிடக் குறைந்திருந்தது. எண்ணை மட்டும் பார்த்தவர் இவருக்கு மோசமாகிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார். அவருடைய வீட்டம்மா சொன்னது வேறு: "இப்பல்லாம் கூலி பிடிக்கறதில்ல சார்." 

இதை வைத்து எல்லோருக்கும் மூளை தெளிந்துவிடும் என்று நான் எழுதமாட்டேன். அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2012-இல் வெளியான பெரிய சோதனையில், நிஜக் கருவிக்கும் பாவனைக் கருவிக்கும் ஆறு மாதத்தின் முடிவில் சிந்தனைத் திறனில் பெரிய வேறுபாடு வரவில்லை. கடுமையான நோய் உள்ளவர்களுக்கு இடையில் கொஞ்சம் நன்மை தெரிந்தது. பகல் தூக்கம் உறுதியாகக் குறைந்தது. இழந்ததையெல்லாம் மீட்கலாம் என்பதைவிட, முற்றுவதற்கு முன் பிடிக்கவேண்டும் என்பதுதான் எனக்கு இதிலிருந்து புரிகிறது.

பிடிப்பதற்கு முதலில் கேட்கவேண்டும், அதுவும் அவரவர் மொழியில். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. நகரி, புத்தூர் பக்கமிருந்து வருகிறவர்களிடம் தெலுங்கில்தான் கேட்பேன்: "ராத்திரி ஊபிரி ஆகிபோதுந்தா அம்மா?" மூச்சு நின்றுபோகிறதா என்று. வாசலுக்கு வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் வீடு வீடாக வரும் சகோதரிகள் கையில் இருக்கும் தாளில் இன்னும் இரண்டு கேள்வி சேர்க்க எந்தக் கருவியும் வேண்டாம்: தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா, உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறாரா? மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவர்களிடம் கட்டாயம் கேட்கலாம்.

வீட்டில் சந்தேகம் இருந்தால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள். பலர் முகத்தை மட்டும் எடுத்துவருகிறார்கள். கழுத்திலிருந்து வயிறு வரை தெரியவேண்டும், மேலே போர்வை இருக்கக் கூடாது, வயிறு அசைவது தெரியும் அளவுக்கு ஒரு விளக்கு எரியட்டும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு, மல்லாந்து படுத்திருக்கும்போது எடுத்தால் நல்லது. இரண்டு நிமிஷம் போதாது, ஐந்து நிமிஷமாவது எடுங்கள். பக்கத்தில் தறி ஓடினால் ஓடட்டும், சத்தம் எங்களுக்கு வேண்டாம்.